'போயிட்டு வர்றேன்' என்பதற்கு இங்கிலீஷில் என்ன?

1

நேற்று லூயியின் சலூனில் சின்னவரின் படத்தைக் கழற்றிவிட்டார்கள்.

கழற்றியவன் லூயியேதான். எனக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தவன் கத்தரியை என் மடியில் போட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, ஆணியிலிருந்து படத்தைத் தூக்கினான். அந்தச் சுவரில் மூன்று படங்கள் வரிசையாக இருந்தன. தாத்தா, இந்த மாநிலத்துக்கு கவர்னராக இருந்தவர். அப்பா, வெகுகாலம் செனட்டராக இருந்தவர். நான் பெரியவர் என்று சொல்வது இவரைத்தான். மகன், அதாவது சின்னவர், அப்பா உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, போன நவம்பர் தேர்தலில் அதிலிருந்து தள்ளிவிடப்பட்டவர். தாத்தாவும் அப்பாவும் இன்னும் சுவரில் இருக்கிறார்கள். மகன் இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது.

"இப்பவே எதுக்குக் கழட்டுற? இன்னும் ஒரு வாரம் தொங்குனா உன் சுவரு இடிஞ்சா விழுந்திடும்?" என்றேன்.

"புது ஆளு படம் தபால்ல வந்திருச்சு. செத்தவங்களுக்கு சுவத்துல இடம் உண்டு. தோத்தவனுக்குக் கிடையாது. நீ தலையை ஆட்டாம உக்காரு."

லூயி கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரன். இந்த ஆலை ஊரில் எங்கள் வார்டு முழுக்க அப்படிப்பட்டவர்கள்தான். வார்டில் யார் யாருக்கு ஓட்டுப் போடுவார் என்பது அவனுக்குத்தான் தெரியும். நான் காரைக்காலில் படித்த பிரெஞ்சும் அவன் பேசும் பிரெஞ்சும் பங்காளிகள்; சாயல் ஒன்று, ஒத்துப்போகாது. அவன் பேச்சை நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். அவன் வாய்த்துடுக்கு வேறெதிலும் அடங்காது.

என் எரிச்சல் லூயி மேல் இல்லை. அந்தப் படத்தில் இருந்த மனுஷனையும் அவர் அப்பாவையும் நம்பித்தான், பெண்டாட்டியையும் மகளையும் இங்கே கூப்பிட்டுக்கொண்டுவிடலாம் என்று பத்து வருஷமாக இந்தப் பனியில் உட்கார்ந்திருக்கிறேன். மகள் பெயர் அம்சவல்லி. ஒன்பது வயது. நான் இன்னும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை.

2

காரைக்கால் பக்கத்து நெடுங்காட்டுக்காரனுக்கு அமெரிக்காவில் என்னய்யா வேலை என்று கேட்பீர்கள். நான் பிரெஞ்சுக் கப்பலில் சாப்பாடு பரிமாறுகிறவனாக இருந்தேன். உலகச் சண்டையில் பிரான்ஸ் விழுந்தபோது எங்கள் கப்பல் இந்தக் கரையில் நின்றது. திரும்பிப் போக அதற்கு நாடில்லை. கப்பல் துறைமுகத்திலேயே துருப்பிடித்தது, நான் துருப்பிடிக்க மனசில்லாமல் துணி ஆலையில் சேர்ந்தேன். தங்கிக்கொள் என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். குடியுரிமை மட்டும் கொடுக்கவில்லை. கப்பல் வந்ததற்குப் பதிவு இருக்கிறதாம், நான் அதிலிருந்து இறங்கியதற்குப் பதிவு இல்லையாம். அவர்கள் கணக்கில் நான் இன்னும் கப்பலில்தான் சோறு பரிமாறிக்கொண்டிருக்கிறேன்.

சண்டை முடிந்து ஊருக்கு வந்து தையல்நாயகியைக் கட்டிக்கொண்டேன். சில மாதங்கள் இருந்தேன். வருஷத்துக்கு மேல் வெளியே இருந்தால் தங்குகிற காகிதம் செல்லாது என்று இவர்கள் சட்டம். முதலில் நான், பின்னாலேயே நீ என்று அவளிடம் பேசி வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

காரைக்கால் ஸ்டேஷனில் பேரளம் வண்டி நின்றது. தையல்நாயகிக்கு அப்போது மசக்கை. முகம் வெளிறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கே, எவ்வளவு தூரம் என்று ஒன்றும் கேட்கவில்லை. கிளம்புகிறவனைப் பார்த்து எங்கே போறே என்று கேட்கக்கூடாது, அது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். கிளம்புகிறவனும் 'போறேன்' என்று சொல்லக்கூடாது.

"போயிட்டு வர்றேன் தையலு."

"ம். போயிட்டு வாங்க."

எங்கள் கல்யாண வாழ்க்கையில் நேருக்கு நேர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். எல்லையில் சுங்கக்காரன் வண்டியில் ஏறி, அவள் கட்டிக் கொடுத்த பொருள்விளங்கா உருண்டையை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தான். காரைக்காலிலிருந்து வருகிறவன் எவனாக இருந்தாலும் வயிற்றில் தங்கம் வைத்திருப்பான் என்று அவன் எண்ணம். அவன் உடைத்த தூளைத்தான் கப்பலில் தின்றுகொண்டு வந்தேன்.

3

பெரியவர் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாத்தா மர வியாபாரி. மரத்தில் சம்பாதித்து கவர்னராகிவிட்டார். அவர் மகன் வக்கீல், மாநில சட்டசபைக்குப் போய், அங்கிருந்து வாஷிங்டன் செனட்டுக்குப் போய், அப்புறம் இறங்கவே இல்லை. பேரன் கடற்படையில் இருந்துவிட்டு வந்து, அதே சட்டசபைக்கு அதே தொகுதியில் நின்றார். இதில் நாம் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம் கொம்யூன் பஞ்சாயத்தில் மேர், அதாவது ஊர்த் தலைவர், கண்ணை மூடினால் மாலை யார் கழுத்துக்கு என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நம் பக்கம் ஓட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இங்கே பெட்டியைத் தொடமாட்டார்கள். கையைக் குலுக்கியே காரியத்தை முடித்துக்கொள்வார்கள்.

பெரியவருக்குக் கை குலுக்குவதில் ஒரு வித்தை இருந்தது. குலுக்கிய கையை விடாமல் உங்கள் வீட்டு ஆட்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி விசாரிப்பார். வாஷிங்டனிலிருந்து சனிக்கிழமை சனிக்கிழமை ரயிலேறி வந்து, லூயியின் சலூனில் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருப்பார். முடி அவருக்கு அதிகம் கிடையாது. ஊர்க் குறை கேட்கத்தான் அந்த நாற்காலி.

அங்கேதான் என்னைப் பிடித்தார். என் பிரெஞ்சைக் கேட்டுவிட்டு, எந்த ஊர் என்றார். லூயி முந்திக்கொண்டு, "இவன் பிரெஞ்சு தேசத்து இந்தியாக்காரன். பொண்டாட்டியைக் கூப்பிட முடியாம ஆபீஸ் ஆபீஸா நாயா அலையறான்," என்றான்.

அலைந்தது உண்மை. குடியேறுகிறவர்களுக்கு இங்கே பிறந்த தேசத்தை வைத்து வரிசை. இந்தியாவுக்கு ஒதுக்கியிருப்பது வருஷத்துக்கு ஒரு கைப்பிடிப் பேர். தையல்நாயகி காரைக்காலில் பிறந்தவள். சரி, பிரான்ஸ் வரிசையில் போடுங்கள் என்றேன். முகம் ஆசியா முகம், அந்த வரிசை கிடையாது என்றார்கள். அப்படியானால் இந்தியா வரிசை? காரைக்கால் இந்தியாவில் இல்லையே என்றார்கள். ஆபீசர் பூதக்கண்ணாடி வைத்து வரைபடத்தில் தேடினார். தஞ்சாவூர் ஜில்லாவுக்குள் வேறு நிறத்தில் ஒரு பொட்டு இருந்தது. "இதுவா? மை சிந்தியிருக்குன்னு நெனைச்சேன்," என்றார். நம் எத்தா சிவில் என்கிற பிறப்பு இறப்புப் பதிவு ஆபீசில் முத்திரை குத்தி வாங்கிய பிறப்புச் சான்றிதழை, அவர் ஏதோ ஹோட்டல் பில்லைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பெரியவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "பேரு என்ன?" என்றார். என் பெயரைச் சொன்னேன்.

"உங்க பேரு இல்லைங்க. உங்க சம்சாரம் பேரு."

சொன்னேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் "தாய்லநாக்கி எப்படி இருக்காங்க?" என்பதுதான் அவர் முதல் கேள்வி. எங்கள் ஊரில் அவளைப் பெயர் சொல்லி விசாரித்தவர்கள்கூட அத்தனை பேர் இருக்க மாட்டார்கள்.

செனட்டர் நினைத்தால் ஒரே ஒரு ஆளுக்காக ஒரு சட்டம் கொண்டுவரலாமாம். கொண்டுவந்தார். அமெரிக்க செனட்டின் அச்சுக் காகிதத்தில், நெடுங்காட்டு வாய்க்காலில் துணி துவைக்கிறவள் பெயர், எழுத்துப் பிழையோடு. நான் ஆலையில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. இவர்கள் சபை கலையும்போது முடியாத மசோதாவெல்லாம் அதோடு செத்துவிடும், மறுபடி முதலிலிருந்து கொண்டுவர வேண்டும். பெரியவர் மறுபடி கொண்டுவந்தார். அதுவும் செத்தது. மூன்றாவதாகக் கொண்டுவருவதற்குள் பெரியவரே செத்துப்போனார்.

4

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய அதே மாதம் அது. ஒரு காதில் அந்தச் செய்தி, ஒரு காதில் இந்தச் செய்தி.

பெரியவர் உடலை அவர் வீட்டுக் கூடத்தில் வைத்திருந்தார்கள். ஊரே வரிசையில் நின்றது. ஆலையில் லீவு சொல்லிவிட்டு நானும் போனேன். கால் பக்கம் நின்று கும்பிட்டேன். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. தலைமாட்டில் சின்னவர் கறுப்புக் கோட்டோடு நின்று, வருகிற ஒவ்வொருவர் கையையும் குலுக்கி, "வந்ததுக்கு ரொம்ப நன்றி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இழவு வீட்டில் 'வந்ததுக்கு நன்றி' என்றால் எனக்கு எப்படி இருக்கும்? நம் பக்கம் துக்க வீட்டில் யாராவது 'வாங்க' என்பார்களா? 'போயிட்டு வர்றேன்' என்று யாராவது சொல்லிக்கொண்டு கிளம்புவார்களா? சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடாதா? சின்னவர் கையை நீட்டியதும் நான் பதறிப்போய், கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தலை முழுகினேன். செய்ய வேண்டியதை முறையாகச் செய்தோம் என்ற திருப்திகூட இருந்தது.

மறுநாள் லூயி என் மேல் பாய்ந்தான்.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஏன்யா அவரு கையைக் குலுக்காம போன?"

"எழவு வீட்டுல என்னய்யா கைகுலுக்கல்?"

"அடப்பாவி, அது எழவு வீடு மட்டும்னா நெனைச்சே? அந்த வரிசையில கை குடுத்தவன் எல்லாம் மகன் பக்கம்னு அர்த்தம். அடுத்த செனட்டர் யாருங்கறது அங்கேயே முடிஞ்சுபோச்சு. நீ கையைக் கட்டிக்கிட்டுப் போனதை ஊரே பாத்துச்சு!"

நான் முறையைச் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. சொல்லாமல் கிளம்புவதுதான் மரியாதை என்றால் அவனுக்கு எப்படிப் புரியும்? லூயி சொன்னது போலவே கவர்னர் சின்னவரை அப்பாவின் இடத்தில் நியமித்தார். நான் அவருடைய ஊர் ஆபீசுக்குப் போனால், செயலாளர் அம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "செனட்டர் வெளியே போயிருக்கார்" என்பார். செனட்டரின் தொப்பி கோட்டு மாட்டியில் தொங்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. இங்கே சாமியே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. மசோதா என்ற பேச்சே இல்லாமல் போயிற்று.

5

ஊர் இந்தியாவோடு சேர்ந்ததும் குடியேற்ற ஆபீசுக்கு ஓடினேன்.

"இப்ப காரைக்கால் இந்தியாதாங்க. கொடி இறங்கிடுச்சு."

"கொடி சரி. ரெண்டு நாடும் முழு ஒப்பந்தத்தை முடிச்சாச்சா?"

"ஊரே எங்க கையில இருக்குங்க."

"கையில இருக்கறது வேற. காகிதத்துல இருக்கறது வேற."

அங்கே நீங்கள் நவம்பர் முதல் தேதி கொடியேற்றி மிட்டாய் தின்கிறீர்கள். எனக்கு அந்தத் தேதி வந்தாலே வாய் கசக்கிறது. ஒரு ஊர் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நிற்கலாம். அந்த ஊரில் பிறந்த பெண்பிள்ளை எத்தனை நாள் நிற்பாள்?

தையல்நாயகி தன் தம்பி தங்கராசு வீட்டில் இருக்கிறாள். நல்லவன் தங்கராசு. அவன் பிள்ளைகளோடு பிள்ளையாக அம்சாவும் வளர்கிறாள். அவன் பிள்ளைகள் அவனை அப்பா என்று கூப்பிடுகிறார்கள். இவளும் அப்பா என்றே கூப்பிடுகிறாள். "நானும் 'மாமான்னு கூப்புடு'ன்னு சொல்லிப் பாத்துட்டேன் மச்சான், கேக்க மாட்டேங்குது. அடிக்கவா முடியும்?" என்று எழுதினான்.

எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதும் அவளே எனக்கு எழுத ஆரம்பித்தாள். குண்டு குண்டான எழுத்து. முதல் வரி: 'அமெரிக்கா அப்பாவுக்கு அம்சவல்லி எழுதுவது.'

கீழத்தெரு மாமா, நாகூர் சித்தி என்பது போல அமெரிக்கா அப்பா. அதைப் படித்த அன்று ஆலையில் மேஸ்திரி ஏதோ சொன்னதற்கு நான் போட்ட சத்தத்தில் தறியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரைத் திட்டுவது? பிள்ளை சரியாகத்தானே எழுதியிருக்கிறது.

6

சின்னவர் நியமனத்தில் வந்தவர். மீதிக் காலத்துக்கு ஜனங்களிடம் ஓட்டு வாங்க வேண்டியிருந்தது. எங்கள் பிரெஞ்சு வார்டு இல்லாமல் அவர் ஜெயிக்க முடியாது. அதனால் ஒரு நாள் லூயியின் சலூனுக்கு வந்து, அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பாவுக்கு இருந்த வாய் இவருக்கு இல்லை. பேச்சில் உப்பில்லை. கையில் எழுதி வைத்துக்கொண்டு பிரெஞ்சில் நாலு வாக்கியம் படித்தார். நான்காவது வாக்கியத்தில் 'உங்கள் எல்லோரையும் நேசிக்கிறேன்' என்பதற்குப் பதிலாக, குடும்பக்காரர் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டார். சலூனே உருண்டு சிரித்தது. மனுஷன் முகம் சிவந்துபோய்விட்டது.

எனக்கு என்னவோ போல் ஆகி, பக்கத்தில் போய்ச் சரியான வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தேன். திரும்பச் சொன்னார். அப்புறம் என்னை உற்றுப் பார்த்தார்.

"அப்பா செத்தன்னிக்கு எனக்குக் கை குடுக்காம போனது நீங்கதானே?"

லூயி சீப்பைக் கீழே போட்டுவிட்டான். எனக்கு வந்தது வரட்டும் என்று ஆகிவிட்டது.

"ஆமாங்க. எங்க ஊருல துக்க வீட்டுல சொல்லிக்காம போறதுதாங்க முறை. 'போயிட்டு வர்றேன்'னு சொன்னா திரும்ப அதே மாதிரி ஒரு காரியத்துக்கு வர்றதா ஆயிடும். உங்க வீட்டுக்கு அப்படி ஒரு காரியம் இனிமே வரக்கூடாதுன்னுதான் பேசாம போனேன்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அன்னிக்கு வந்தவங்க எல்லாரும் எங்கிட்டே ஏதோ ஒண்ணு கேட்டாங்க. எனக்கு இதைச் செய்வியா, அப்பா சொன்ன அதை முடிப்பியான்னு. ஒண்ணும் கேக்காம போனவரு நீங்க ஒருத்தருதான். கோவத்துல போறீங்கன்னு நெனைச்சேன்," என்றார்.

கேட்காமல் போனவனுக்குத்தான் கேட்க வேண்டியது இருந்தது. அதை லூயி கேட்டான். சின்னவர் ஜெயித்தார், மசோதாவை மறுபடி கொண்டுவந்தார், சபையில் சண்டை போட்டார், போன கோடையில் அது நிறைவேறியது. சனாதிபதி கையெழுத்து! தையல்நாயகி, மகள் அம்சவல்லி, இருவரும் வந்து குடியேறலாம். நான் இரண்டு கட்டில் வாங்கினேன். சின்னக் கட்டிலின் தலைமாட்டில் முயல் படம் போட்டிருந்தது.

7

இனி வருவதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

விசா ஆபீசுக்கு அக்காளையும் அம்சாவையும் தங்கராசு கூட்டிப் போயிருக்கிறான். ஆபீசர் வெள்ளைக்காரர். மொழிபெயர்க்க ஒரு புதுப் பையன், கழுத்தில் டையோடு. ஆபீசர் எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாக, அங்கேயே குடியிருக்கப் போகிறாயா என்று கேட்டிருக்கிறார். பையன் அதைத் தமிழில் கேட்டது இப்படி:

"நீங்க நிரந்தரமா போறீங்களா?"

நிரந்தரமாகப் போகிறாயா! சுமங்கலியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? தையல்நாயகி மிரண்டுபோய், மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, "ஐயையோ, அப்படியெல்லாம் இல்லைங்க. நல்லபடியா போயிட்டு வர்றேனுங்க," என்றிருக்கிறாள்.

பையன் அதைச் சொல்லுக்குச் சொல் இங்கிலீஷில் எடுத்துப் போட்டான்: போய்விட்டுத் திரும்பி வந்துவிடுவாளாம். திரும்பி வருகிறவளுக்குக் குடியேற்ற விசா எதற்கு? ஆபீசர் பைலை மூடிவிட்டார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். சின்னவரிடம் ஓடினேன். அவரோ தேர்தலில் கழுத்தளவு முங்கியிருந்தார். இது முழுக் காலத்துக்கான தேர்தல். மண்ணைக் கவ்வினார். எங்கள் வார்டே பாதி கைவிட்டுவிட்டது. ஆலை மூடப்போகிறது என்ற பேச்சு, அதற்கு யாரையாவது அடிக்க வேண்டுமே. ஆனாலும் நல்ல மனுஷன். பதவி சனவரி வரைக்கும் இருந்தது. தோற்ற மறுநாளே விசா ஆபீசுக்குத் தந்தி கொடுத்தார். அவளை மறுபடி கூப்பிடுவார்கள், அங்கேயே தங்குவேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்.

ஒரே ஒரு வார்த்தை. 'போறேன்' என்றுகூடச் சொல்ல வேண்டாம், 'தங்குறேன்' என்று சொல்லச் சொல் என்று தங்கராசுக்கு எழுதினேன். அவனும் ரயிலில் போகும்போதெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறான். "தலையை ஆட்டிக்கிட்டுத்தான் வந்துச்சு மச்சான்," என்கிறான்.

ஆபீசர் கேட்டிருக்கிறார். இந்தத் தடவை மொழிபெயர்த்தவர் வயசானவர், பக்குவமாகக் கேட்டிருக்கிறார். "அங்கேயே தங்கிடுவீங்களாம்மா?"

அவள் சொன்னதைத் தங்கராசு அப்படியே எழுதியிருக்கிறான்:

"தங்கறதுக்கு எனக்கு வீடு இருக்குங்க. அவருதான் போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனாரு. போயிட்டாரு. இன்னும் வரலை. சொன்னவரு வரட்டுங்க."

ஆபீசர் தங்கராசைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தாராம். அவ்வளவுதான், முடிந்தது. தங்கராசின் கடைசி வரி: 'கோவிச்சுக்காதீங்க மச்சான், அக்கா அழுவல. வெளிய வந்து அம்சாவுக்கு வளையல் வாங்கிக் குடுத்துச்சு.'

8

அந்தக் கடிதம் வந்து மூன்று நாளாக எனக்கு ஆறவில்லை. பத்து வருஷம்! இரண்டு தலைமுறை செனட்டர்! ஒரு நாட்டின் சனாதிபதி இவளுக்காகப் பேனாவை எடுத்தார்! இவள் வளையல் வாங்குகிறாளாம் வளையல். ஆலையிலிருந்து வருகிற வழியில் பனியைக் காலால் உதைத்து உதைத்து, பூட்ஸ் பிய்ந்ததுதான் மிச்சம்.

நேற்று சலூனுக்கு முடி வெட்டப் போனேன். லூயி படத்தைக் கழற்றியது அப்போதுதான். வெட்டி முடித்ததும் படத்தை ஒரு செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தான்.

"நீ போற வழிதானே. அவரு ஆபீஸ்ல குடுத்திடு. எனக்கு மூஞ்சியைப் பாக்க ஒரு மாதிரி இருக்கு."

சின்னவர் ஆபீசில் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் அம்மாள்கூட என்னைப் பார்த்து உட்காருங்கள் என்றார். தோற்றவர் வீடும் துக்க வீடு போலத்தான் இருக்கிறது. படத்தை நீட்டினேன். பிரித்துப் பார்த்தவர், "நல்லவேளை, லூயி நாற்காலியை அனுப்பலை," என்று சொல்லிவிட்டு, "என்ன சொன்னாங்க உங்க சம்சாரம்?" என்றார்.

சொன்னேன். ஆத்திரத்தோடுதான் சொன்னேன். இவ்வளவு பாடுபட்டவரை இப்படி அவமானப்படுத்திவிட்டாளே என்றேன். அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பா ஒவ்வொரு வாரமும் வாஷிங்டன்லேருந்து போன் பண்ணி, 'சனிக்கிழமை வர்றேண்டா'ன்னு சொல்வாரு. வரவும் வருவாரு. நான் வாசல்ல நிப்பேன். அவரு நேரா லூயி கடைக்குப் போயி உங்க எல்லாரோடயும் மத்தியானம் வரைக்கும் உக்காந்திருப்பாரு. அவருக்கு உங்க சம்சாரம் பேரு தெரியும். நான் எந்த வகுப்பு படிக்கிறேன்னு அவருக்குத் தெரியாது. அவரு நாற்காலியில உக்காந்தாலாவது அவரைப் புரியுமான்னு பாத்தேன். புரியலை." அப்புறம், "உங்க பொண்ணு என்ன வகுப்பு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. மூன்றா, நான்கா? ஒன்பது வயதுப் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். அவர் கையை நீட்டினார். இந்தத் தடவை பிடித்துக் குலுக்கினேன்.

"எங்கிட்டே ஏதாவது சொல்லிட்டுப் போங்க," என்றார்.

"போறேங்க," என்றேன். பிறந்ததிலிருந்து யாரிடமும் சொல்லாத வார்த்தை. நாக்கு கூசியது. தமிழில்தான் சொன்னேன், அவர் தலையை ஆட்டினார்.

அங்கிருந்து நேராகத் தந்தி ஆபீசுக்குப் போனேன். காகிதத்தில் தையல்நாயகியின் முகவரியை எழுதி, கீழே இங்கிலீஷ் எழுத்தில் ஒரே ஒரு சொல் எழுதிக் கொடுத்தேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதைப் படித்துப் பார்த்தாள்.

"வர்-ரேன். இது என்ன மொழி?"

"எங்க ஊரு மொழி."

"ஒரு சொல்லுதான் இருக்கு. ஏதோ பாதி வாக்கியம் மாதிரி இருக்கே. மீதியை எழுத வேண்டாமா?"

"வேண்டாம்மா," என்றேன். "மீதியைப் பத்து வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன்."